ஓர்மலின் வீட்டுக் கொல்லையில் ஜூலை

அந்த டிசம்பரில் ப்ளான்ஷ் ஓடைக்கரை முழுவதும் உறைபனி விழுந்தது. ஓர்மலின் கிட்ரி வீட்டுக் கொல்லையில் மட்டும் நடுக்கோடை ஜூலை மாதமாக இருந்தது. கொல்லை முழுக்க இல்லை. சிட்டுகள் குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கிய கொக்கியைச் சுற்றி, இரண்டு கட்டில் போடுகிற அளவு இடத்தில். அதற்குள் அத்திக்கிளை காய்த்தது, கொசு கடித்தது, மத்தியானமானால் இடி இடித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஈரத்துணியைக் கொண்டுவந்து காயப்போட்டார்கள். சீக்கிரம் காய்ந்தாலும் கொசுத்தொல்லை தாங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள்.

எல்லாம் குப்பிக்கு வந்துபோன, பெருவிரல் அளவே ஆன ஒரு ரீங்காரச் சிட்டால் வந்தது. செப்டம்பர் முடிவதற்குள் குப்பியைக் கழற்றாவிட்டால் சிட்டுகள் குளிருக்குத் தெற்கே போக மறந்துவிடும் என்று அந்த ஊரில் நம்பினார்கள். அது தப்பு என்று பறவைக்காரர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டும் யாரும் கேட்டதில்லை. ஓர்மலின் ஆகஸ்டில் சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவள். முக்காலியில் ஏற முடியாமல் குப்பியை அப்படியே விட்டுவிட்டாள்.

"பாவம், இனிப்பைக் காட்டி அதைக் கட்டிப் போட்டுட்டியே," என்றான் பக்கத்து வீட்டுக் கிழட்டு பிரம்மச்சாரி க்ளோட்டேர்.

"உன்னைக் கட்டிப் போட ஒருத்தியும் வரலையேங்கிற வயித்தெரிச்சல் உனக்கு," என்றாள் ஓர்மலின்.

ஹூஸ்டனில் இருந்த அவள் மகன் எல்ரே, அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஓர் அறைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தான். ஆகஸ்டில் வந்திருந்தபோது அவள் தரையில் கிடந்த கோலத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. அவன் பயத்தைப் பார்த்து, போக விருப்பமில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "சிட்டு இருக்கேடா. அது கிளம்பட்டும், நானும் கிளம்புறேன்," என்று நாளைக் கடத்தினாள். எல்ரே லேசுப்பட்டவன் இல்லை. எந்த வகைச் சிட்டு என்று தெரிந்தால் எப்போது கிளம்பும் என்றும் தெரிந்துவிடும் அல்லவா? பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் போடும் நெல்வின் என்ற பெண்மணியைக் கையோடு அழைத்துவந்தான்.

நெல்வின் குப்பியைக் கூண்டுக்குள் தொங்கவிட்டு, கூண்டுக் கதவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிட்டு தானாக வந்து மாட்டியது. வகையைக் காட்டிக்கொடுக்கும் வாலின் ஐந்தாவது இறகின் அகலத்தை அளந்து, "செம்பழுப்புச் சிட்டு. மார்ச்சுல போயிடும்," என்றாள். எல்ரே முகம் மலர்ந்தது. சந்தேகம் வந்து அவள் மறுபடி அளந்தாள், இறகு ஒல்லியாகியிருந்தது. அப்படியானால் கருந்தாடைச் சிட்டு, ஏப்ரல். மூன்றாம் தடவை அளந்தபோது வாலில் ஐந்தாவது இறகே இல்லை. தன் ஆயுளில் தெரியாது என்று சொல்லியிராத நெல்வின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்.

"என்ன மிஸ் நெல்வின், நாள் சொல்லுங்க."

"அவசரப்படாதே தம்பி. இந்தச் சிட்டு என்னை வச்சு விளையாடுது."

வளையம் போட்டாலும் போடாவிட்டாலும், பிடித்த சிட்டை அந்த வீட்டில் இருப்பவரின் உள்ளங்கையில் வைத்துத்தான் பறக்கவிடுவார்கள். நெல்வின் அதை ஓர்மலின் கையில் வைத்தாள். பறக்கும் என்று மூவரும் காத்திருந்தார்கள். பறக்கவில்லை. அடுப்பில் இருந்த இறால் கம்போக் குழம்பு ஆறி, இன்னொரு தடவை சூடாகி, மறுபடி ஆறியது. கையில் எடை என்று ஒன்றுமே இல்லை, ஒரு நடுக்கம் மட்டும் இருந்தது. அது சிட்டின் நடுக்கமா தன் நடுக்கமா என்று ஓர்மலினுக்குத் தெரியவில்லை.

"ஏம்மா, அதை நீ விட மாட்டேங்கிறியா?" என்றான் எல்ரே.

"விட்டா நீ என்னைக் கூட்டிட்டுப் போயிடுவியேடா. நான் வரல. சிட்டெல்லாம் ஒரு சாக்கு. மறுபடி விழுந்தாலும் என் வீட்லயே விழறேன். உனக்குப் பயமா இருக்கும், தெரியும். அந்தப் பயத்தை நீ கொஞ்சம் தாங்கிக்கோ, கண்ணு."

சொல்லி முடித்ததும் சிட்டு பறந்துவிட்டது. எந்தத் திசை என்று ஒருவரும் பார்க்கவில்லை; எல்ரே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான், அம்மா அவனை. குளிர் சட்டென்று உள்ளே வந்தது. அத்திக்காய்கள் பொத்தென்று விழுந்தன. அவன், "குளியலறைச் சுவர்ல கைப்பிடி அடிக்கணும். சுத்தியல் எங்கேம்மா?" என்றான். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவன் மறந்துபோயிருந்தான்.

அடுத்த வாரம் சிட்டோடு ஜூலையும் க்ளோட்டேர் வீட்டுப் பின்பக்கம் இறங்கிவிட்டதாக ஊரில் சொன்னார்கள். அவன் யாரிடம் எதை மறைக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. ஓர்மலின் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு ஸ்வெட்டர்களை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, எல்ரே சுவர்களில் அடித்துவிட்டுப் போன கைப்பிடிகளைப் பிடித்தபடி, தன் வீட்டு ஜனவரியில் நடமாடிக்கொண்டிருந்தாள்.