அம்மாவின் அமினோ அமிலங்கள்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்தால் தமிழும் வராது, புத்தக இத்தாலியனும் வராது, பலேர்மோவின் பல்லரோச் சந்தை மீன்காரியின் வாய்தான் வரும். அதனால் அன்று காலை பேராசிரியை லோ வெர்தே கணினித் திரையைக் காட்டி, "ஆரணி, நீ இரண்டு பேருடைய இரத்தக் குப்பிகளை மாற்றிவிட்டாய்" என்று சொன்னபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றதே பெரிய காரியம்.

என் ஆராய்ச்சி இதுதான். வயது போனவர்கள் கடினமான இறைச்சியைச் சாப்பிட்டால் அதிலுள்ள புரதம் எவ்வளவு வேகமாகச் செரித்து இரத்தத்துக்கு வருகிறது, செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் மிச்சத்தை அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் என்ன பாடு படுத்துகின்றன என்று பார்ப்பது. அறுபதைத் தாண்டிய பத்துப் பேர் வேண்டும். ஐந்து பேருக்குச் சொந்தப் பல், ஐந்து பேருக்குப் பொய்ப்பல். பொய்ப்பல்லில் அரைகுறையாக மெல்லப்பட்ட இறைச்சி மெதுவாகச் செரிக்கும், இரத்தத்தில், புரதம் செரித்து வரும் அமினோ அமிலத்தின் கோடு சோம்பேறித்தனமாக ஏறும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. ஒரு பக்கத்தில் ஒருவர் குறைந்தாலும் ஆராய்ச்சி செல்லாது. ஆராய்ச்சி செல்லாவிட்டால் என் நாலு வருட உழைப்பும் முனைவர் பட்டமும் கடலில்தான்.

உப்பு மட்டும் போட்டு அவித்த கிழட்டுச் செம்மறியைக் கண்டதும் பலேர்மோக் கிழவர்கள் மெல்ல நழுவிவிட்டார்கள். கைகொடுத்தது இங்கே குடியேறியிருக்கும் எங்கள் தமிழ்ச் சனம்தான். "எங்கடை பிள்ளையின்ரை படிப்பு" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள், வந்த நேரம் முதல் மிளகாய்த்தூள் இல்லையென்று முறைப்பாடு வைத்தார்கள். அருளையா அங்கிள் முதல் துண்டை வாயில் வைத்துவிட்டு, "பிள்ளை, இந்த ஆடு செத்ததுக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?" என்று கேட்டார். அவருடைய மனைவி அகஸ்ரீனா அன்ரி மலம் நிரப்பிய குப்பியை பஸ்ஸில் ஒருவரும் காணக்கூடாதென்று நல்ல கேக் பெட்டிக்குள் வைத்து, நாடாவும் கட்டிக் கொண்டுவந்து பேராசிரியையின் கையிலேயே கொடுத்துவிட்டார். பேராசிரியை நன்றி சொல்லி, இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டுத் திறந்தார். அதன் பிறகு ஒரு கிழமைக்கு அவர் கேக் பக்கமே போகவில்லை.

பொய்ப்பல் பக்கத்தில் ஓர் ஆள் குறைந்ததால் என் அம்மா இராசேஸ்வரியைச் சேர்த்தேன். சொந்தப் பல் பக்கத்தில், கால்சாப் பகுதியில் உள்ள எங்கள் கட்டடத்தின் வாசலைப் பார்த்துக்கொண்டு கீழ்மாடியில் தனியே இருக்கும் தில்லையம்பலம் அங்கிள். அவர் கீழே இருந்து முறுக்குக் கடித்தால் மூன்றாம் மாடியில் எங்களுக்குக் கேட்கும், அப்படிப்பட்ட பல். இப்போது திரையில் பிழையாக நின்றவை இந்த இரண்டு பேருடைய கோடுகள்தான். அம்மாவின் கோடு வாலிபப் பிள்ளை மாடிப்படி ஏறுவதுபோல விறுவிறென்று ஏறியிருந்தது. அங்கிளின் கோடு படுத்துக் கிடந்தது.

"மாற்றவில்லை" என்றேன்.

"அப்படியென்றால் காரணம் சொல்லு. சொல்லமுடியாவிட்டால் இரண்டு பேரையும் நீக்கவேண்டும்" என்றார் பேராசிரியை. அவர் கெட்டவர் அல்ல. எல்லாரையும் கூப்பிட்டு இன்னுமொரு முறை சாப்பாடு வைக்க அனுமதி தந்தார். ஒரேயொரு முறை.

நான் குப்பிகளைப் பார்த்தேன், இலக்கங்களைப் பார்த்தேன், குளிர்பெட்டியின் அடிவரை துழாவினேன். எல்லாம் சரியாக இருந்தன. வீட்டுக்குப் போய் அம்மாவைப் பிடித்தேன்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. அண்டைக்கு வேறை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"நீ தந்ததைத்தான். உனக்கென்ன விசரே?"

"பாலோ முட்டையோ குடிச்சிட்டு வந்தனீங்களோ?"

"வெறுவயித்திலை வரச்சொல்லிப்போட்டுப் பால் குடிச்சனியோ எண்டு கேக்கிறாய். எனக்கு உன்னைப்போலை வாய்தான் இல்லை, காது இருக்கு."

எனக்குக் கோபம் ஏறியது. "உங்கடை குடலாலை நான் படிப்பை விட்டிட்டு வீடு துடைக்கப்போறன்" என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அம்மா கதவுக்கு வெளியே நின்று, "துடைக்கிறதெண்டால் முதல் உன்ரை அறையைத் துடை" என்றார்.

மறுபடி சாப்பாடு வைக்கும் நாள் வந்தது. முதல் முறை நான் பக்கத்து அறையில் ஊசிகளோடும் குப்பிகளோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், சாப்பாட்டு மேசையை எட்டிப் பார்க்கவில்லை. இந்த முறை சுவரோடு சாய்ந்து காவல் நின்றேன். ஒவ்வொரு தட்டிலும் இறைச்சி ஒரே நிறை. மென்மையான சதைத் துண்டும், மென்றால் ரப்பராகும் சவ்வுத் துண்டும் எல்லாருக்கும் ஒரே அளவு. அம்மாவும் தில்லையம்பலம் அங்கிளும் போன முறைபோலவே ஒரு மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். அம்மா தான் வேலை செய்யும் வீட்டுச் சிக்னோராவின் பூனை பற்றி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். அங்கிள் கேட்டுச் சிரித்துக்கொண்டே தன் தட்டிலிருந்து நல்ல மென்மையான துண்டொன்றை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தார். அம்மாவின் தட்டிலிருந்து சவ்வுத் துண்டொன்றை எடுத்துத் தன் தட்டில் போட்டார். அம்மா கதையை நிறுத்தவுமில்லை, தட்டைப் பார்க்கவுமில்லை. அடுத்த துண்டும் அப்படியே கைமாறியது.

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது, முதலில் என்மேலேயே. எங்கள் சனத்தை எனக்குத் தெரியாதா? ஒரு மேசையில் இருந்தால் நல்ல துண்டை மற்றவரின் தட்டில் வைக்காமல் ஒருவருக்கும் தொண்டைக்குள் இறங்காது. அது தெரிந்துதானே அருளையா அங்கிளையும் அகஸ்ரீனா அன்ரியையும், மற்றத் தம்பதிகளையும் முதல் நாளே பிரித்து வேறு வேறு மேசையில் இருத்தினேன். அம்மாவும் தில்லையம்பலம் அங்கிளும் தம்பதி இல்லை என்று விட்டுவிட்டேன்.

"நிப்பாட்டுங்கோ" என்று நான் போட்ட சத்தத்தில் அருளையா அங்கிளின் கரண்டி கீழே விழுந்தது. நல்ல காலம், ஒருவரும் இன்னும் ஒரு துண்டும் விழுங்கியிருக்கவில்லை.

"அங்கிள், என்ன செய்யிறியள்?"

அவர் திருட்டுப் பூனைபோல முழித்தார். "ஒண்டுமில்லைப் பிள்ளை. உம்மடை அம்மாவுக்குச் சவ்வு மெல்ல ஏலாது. எனக்கு எதெண்டாலும் ஒண்டுதானே."

"அவாவுக்கு மெல்ல ஏலாதெண்டதைத்தான் அங்கிள் நான் நாலு வருசமாய் ஆராயிறன்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய முகம் சிவந்து, பார்வை தட்டில் இருந்தது. நான் எல்லாத் தட்டுகளையும் வாங்கி, திரும்ப நிறுத்துப் பரிமாறி, அங்கிளை மண்டபத்தின் மற்ற மூலையில் சுவரைப் பார்த்து இருத்தினேன். பள்ளிக்கூடப் பெடியன்போல அவர் போய் இருந்தார்.

எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகும் அம்மா மென்றுகொண்டிருந்தார். ஒரு துண்டை வலப்பக்கம் மென்று, இடப்பக்கம் தள்ளி, பொய்ப்பல் நழுவ நாக்கால் அதைச் சரிசெய்து, கண்ணில் நீர் தளும்ப விழுங்கினார். என் படிப்புக்காக ஒன்றையும் மிச்சம் விடவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் அம்மா இறைச்சிக் கறியில் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிடுவது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "எனக்கு இறைச்சியிலை ஆசை விட்டுப்போச்சு" என்பார், நானும் நம்பித் துண்டுகளையெல்லாம் வழித்துத் தின்றிருக்கிறேன். பொய்ப்பல்லைப் பற்றி நூறு கட்டுரை வாசித்த எனக்கு என் வீட்டுச் சோற்றுக் கோப்பை தெரியவில்லை. கீழ்மாடி மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, அந்த மனுசனை நினைக்கச் சந்தோசமாகவும் இருந்தது.

கோடுகள் வந்தன. அம்மாவின் கோடு முறைப்படி சோம்பேறியாக ஏறியது. அங்கிளின் கோடு மாடிப்படியில் ஓடியது. பத்துப் பேரும் கணக்கில் நின்றார்கள். பேராசிரியை என்னைக் கட்டிப்பிடித்து, "காரணத்தையும் எழுது, எழுதாமல் விடாதே" என்றார். முதல் சாப்பாடு ஏன் தள்ளப்பட்டது என்ற இடத்தில், பங்கேற்றவர்கள் ஒருவருக்கொருவர் நல்ல துண்டைக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதினேன்.

எல்லாருக்கும் விருந்து வைக்கவேண்டும். இறைச்சி என்ற சொல்லைக் கேட்டாலே எல்லாருக்கும் ஓங்காளித்தது. எனவே ஞாயிற்றுக்கிழமை ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடற்கரையோரம் ஒரு கடையில் மீன். வெயில், காற்று, கணவாய்ப் பொரியல், பையில் ஒளித்துக் கொண்டுவந்த மிளகாய்த்தூள். அருளையா அங்கிள் கடைக்காரனுக்கே தூவிக் கொடுத்து அவனை இருமவைத்தார்.

சாப்பாட்டின் நடுவில் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"உன்ரை ஆராய்ச்சி முடிஞ்சுதோ? இனி எங்களாலை ஒரு பிழையும் வராதோ?"

"முடிஞ்சுது அம்மா. இனி நீங்கள் என்னவும் செய்யலாம்."

அம்மா தில்லையம்பலம் அங்கிளைப் பார்த்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி நின்றார். ஏன் எழும்பினார் என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"பிள்ளை, நானும் அம்மாவும் கலியாண எழுத்து வைக்கலாமெண்டு யோசிச்சிருக்கிறம். உமக்குச் சம்மதமெண்டால்தான்."

கணவாய் வளையமொன்று என் கரண்டியில் அப்படியே நின்றது. மேசையில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அகஸ்ரீனா அன்ரி மட்டும் லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார். அப்போதுதான், எனக்கு மட்டும்தான் தெரியாது என்று விளங்கியது.

"எப்பவிருந்து?" என்றேன்.

"போன மாரியிலையிருந்து" என்றார் அம்மா.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அப்பா காலமான பிறகு ஒன்பது வருடமாக அம்மா இப்படி நிமிர்ந்து என்னைப் பார்த்ததில்லை. இரண்டு கையாலும் அவருடைய முகத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"சம்மதம். நூறுதரம் சம்மதம். ஆனால் எனக்கு ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால்," என்றார் அம்மா, "நீ எங்களை வேறை வேறை மேசையிலை இருத்தியிருப்பாய்."