பம்பு நின்ற தொட்டி

மீன் பைகளைத் தண்ணீரில் மிதக்க விட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவளுக்குத் திக்கென்றது. பத்தடி நீள மீன்தொட்டியில் ஒரு செடியின் இலைகூட அசையவில்லை. இரண்டு பம்புகளும் நின்றிருந்தன. செடிகளுக்கான கேஸ் மட்டும் சிலிண்டரிலிருந்து பொடிப்பொடிக் குமிழ்களாக வந்துகொண்டே இருந்தது. தண்ணீரில் கேஸ் எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் சின்னக் கண்ணாடிக் குடுவை பச்சையாக இருக்க வேண்டும். கேஸ் மிஞ்சி மஞ்சளாகிக் கிடந்தது.

இந்தப் பல் மருத்துவமனைத் தொட்டிக்குத் திட்டம் போட மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவள் அவள். செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு கேஸ் வேண்டும். பம்பு தண்ணீரைக் கலக்காவிட்டால் அது மிஞ்சி மீனுக்கு மூச்சு முட்டும். அதனால்தான் பம்பு நின்றால் கேஸும் நிற்கும்படி இரண்டையும் ஒரே இணைப்பில் வரைந்து, சிவப்பு மையில் வட்டம் வேறு போட்டுக் கொடுத்திருந்தாள். வயரிங் செய்தவன் அயலான் இல்லை, சொந்தக் கொழுந்தன். இப்போதும் ஏணி மேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான்.

"பம்பை யாரு நிறுத்தினது?"

டாக்டர் சிகிச்சை அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நான்தாம்மா. காலையில ஒருத்தருக்குப் பல்லு பிடுங்கும்போது ஒரே இரைச்சல். பம்புக்குத் தனியா ஒரு சுவிட்சு, என் மேஜை பக்கத்துல வைக்கச் சொல்லியிருந்தேன். அணைச்சேன், திரும்பப் போட மறந்துட்டேன். இதுக்குப் போய்..."

"டாக்டர் கேட்டாரு அண்ணி. பம்பை மட்டும் தனியா பிரிக்கிறது சின்ன வேலைதானேன்னு..." என்று ஏணி மேலிருந்து குரல் இழுத்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்க்கிற மனிதர், அவள் கொடுத்த வரைபடத்தை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

"டாக்டர், மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வச்ச ஆளோட ஆக்ஸிஜன் சுவிட்சை வரவேற்புல இருக்கிற பொண்ணுகிட்ட கொடுப்பீங்களா? இரைச்சலா இருந்தா அணைச்சுக்கோம்மான்னு?"

"மனுஷனும் மீனும் ஒண்ணாம்மா?"

"மூச்சு முட்டினா ஒண்ணுதான்."

"சாயங்காலம் திறப்பு விழா. அத்தனை பேரும் வர்றாங்க. மீனைத் தொட்டியில விடுங்க, இனிமே மறக்க மாட்டேன்."

"இந்த நிமிஷம் பம்பு ஓடுதா?"

டாக்டர் சட்டென்று திரும்பி மேஜைப் பக்கம் பார்த்தார். சுவிட்சை இன்னும் போடவில்லை.

அவள் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, சொட்டச் சொட்டப் பெட்டியில் அடுக்கினாள். அறுபது மீன். டாக்டர் மேல்கூட அவ்வளவு ஆத்திரமில்லை. அவருக்கு இது அழகுக்கு வைத்த சாமான். ஆனால் ஏணி மேல் நிற்கிற இவனுக்குமா தெரியாது?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வரைஞ்சது நம்ம அண்ணிதானே, அவ கிடக்கான்னு விட்டுட்டே, இல்ல?"

அவன் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். பெட்டியைத் தூக்கத்தான் வருகிறான் என்று அவள் நகர்ந்துகொண்டாள். அவனோ நேரே டாக்டர் அறைக்குள் போனான். ஸ்க்ரூ ஒன்று மேஜையில் விழும் சத்தம் கேட்டது.

"என்னப்பா இது? யாரைக் கேட்டு சுவிட்சைக் கழட்டுறே?"

"மாட்டும்போது கேக்க வேண்டியவங்களைக் கேக்கல டாக்டர். அதான் இப்ப அவங்க முன்னாடியே கழட்டுறேன்."