கைநுனியில் மாப்பிள்ளை பெயர்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, மதுரங்குளிச் சந்தியில் ஜபாரின் துணிக்கடைக்கு ஒரு கல்யாண அபாயா திரும்பி வந்தது.

அதன் இடது கைநுனியில் மாப்பிள்ளையின் பெயரை அறபு எழுத்தில் கண்ணாடிக் கற்களால் பதித்தவள் றம்ஸியா. ஜபார் போனில் கோல் எடுத்தவுடன் ஓட்டோ பிடித்து வந்தாள்.

குவைத்தில் வீட்டு வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஊர் திரும்பியவள் அவள். மறுபடி போக விசா தயாராக இருந்தது. பாலாவியிலிருந்து முகவர் முஸம்மில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் ஸஃப்னா இப்போதுதான் அவள் பக்கத்தில் படுக்கப் பழகியிருந்தாள். கடையின் கல் வேலை முழுவதும் கைக்கு வந்தால் போகத் தேவையில்லை என்று முஸம்மிலை இழுத்தடித்துக்கொண்டிருந்தாள். இந்த அபாயா சரிவந்தால் மற்றதெல்லாம் அவளுக்கே என்று ஜபார் சொல்லியிருந்தார்.

மணப்பெண்ணின் தாய் ஸுலைஹா அபாயாவை மடியில் வைத்தபடி கதிரையில் இருந்தார்.

"இதப் போட்டுக்கிட்டு எப்படிப் புள்ள பாத்ரூமுக்குப் போற?"

றம்ஸியா கைநுனியை விரித்தாள். ஹிதாயத்துல்லாஹ். அறபில் அது இரண்டு சொல். இரண்டாவது சொல் அல்லாஹ். அந்தப் பெயரைக் கழிவறைக்குள் கொண்டுபோகக் கூடாது.

பெயரை மணப்பெண்தான் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். றம்ஸியா அதை லெப்டொப்பில் ஏற்றி, எழுத்தின் தடிப்பைக் குறைத்து நடுக்கோடாக்கி, கோட்டின் மேல் கல்லின் அளவுக்கு வட்டங்களை ஓடவிட்டாள். வளைவுகளில் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அவற்றைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். விலக்காவிட்டால் கட்டர் மெஷின் வெட்டும் தாளில் துளைகள் கிழிந்து ஒன்றாகிவிடும், கல் நிற்காது. அந்த வேலையில் கண்ணுக்கு எழுத்துத் தெரியாது, வட்டம் மட்டும்தான். கற்களைத் துளைகளில் தூரிகையால் தள்ளி நிரப்பியபோதும், துணியில் வைத்துச் சூட்டில் அழுத்தியபோதும் அவள் பார்த்தது வரிசை கோணாமல் இருக்கிறதா என்பதைத்தான்.

"பேர அனுப்பினது உங்கட மகள்தானே, ராத்தா," என்றார் ஜபார்.

"அவளுக்கு மாப்பிள்ளட பேரக் கண்டாலே கண் தெரியாது. செஞ்ச ஆள் குர்ஆன் ஓதின ஆள்தானே?"

"ஓம் ராத்தா," என்றாள் றம்ஸியா. "ஆள்ட பேரெண்டுதான் பார்த்தன். அந்த ரெண்டாம் சொல்ல மட்டும் கழட்டி விடவா?"

ஜபாரின் மனைவி நஸ்லியா துணி மடித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து தலையை நீட்டினாள். "கழட்டினா மிச்சம் ஹிதாயா, பொம்புளப் பேர். ஆரடி அந்த ஹிதாயா எண்டு மாப்பிள்ளட உம்மா கேப்பா."

ஸுலைஹாவுக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, முழுவதையும் எடுக்கும்படி சொன்னார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

கற்கள் சூட்டுக்குக் கழன்றன, அவற்றின் அடிப்பசை கழலவில்லை. கறுப்புத் துணியைச் சாய்த்துப் பிடித்தால் பெயர் இன்னும் வாசிக்கும்படி இருந்தது. அதை மறைக்க அகலமான பூங்கொடி ஒன்றை வரைந்து வெட்டி, மேலே வைத்து றம்ஸியா மறுபடி அழுத்தினாள். இரண்டாம் சூட்டில், அழுத்திய இடத்தில் துணி சதுரமாகப் பளபளத்துக் கெட்டுப்போனது. கடைசியில் தையற்காரர் இரண்டு கைநுனிகளையும் வெட்டிவிட்டுப் புதுத் துணி வைத்தார். அதில் கல் இல்லை. அவர் வெட்டும்வரை அவள் பக்கத்தில் நின்றாள். காலையிலிருந்து தேத்தண்ணி தவிர ஒன்றும் குடிக்கவில்லை. கண் எரிந்தது.

கடை வாசலில் ஜபார் தாழ்ந்த குரலில் பேசினார்.

"எழுத்து இனி வேணாம் தங்கச்சி. கத சந்தி முழுக்கப் போயிட்டு."

"தமிழில செய்யலாம் நானா. இங்கிலீசிலயும் செய்யலாம். நான் சரியாப் பாப்பன்."

"நீங்க பாப்பீங்க. வாங்கிற ஆக்கள் எழுத்தக் கண்டாலே ஒவ்வொண்டா வாசிப்பாங்க."

"அப்ப பூ?"

"பூவெண்டா கொழும்பில ரெடிமேடா வருது. ஒட்டினாச் சரி. நஸ்லியாவே ஒட்டுவா."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். பிறகு, "சரி நானா," என்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே முஸம்மிலுக்கு அழைத்தாள். மெடிக்கல் பரிசோதனைக்கு எப்போது வரவேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

ஓகஸ்ட் 3ஆம் திகதி றம்ஸியா குவைத்துக்குப் போனாள். லெப்டொப்பையும் கட்டரையும் கற்பிட்டியில் ஒரு தையற்காரி வாங்கிக்கொண்டாள்.