கரிக்கரை

என் நிலத்தின் கிழக்கோரத்தில் ஒரு கரை இருக்கிறது. ஊரில் அதற்குக் கரிக்கரை என்று பெயர். ஒரு பிடி கரிகூட அதன்மேல் போனதில்லை.

பாகூருக்குத் தெற்கே எங்கள் ஊரில் யாரோ கிணறு தோண்டும்போது கறுப்பு மண் வந்ததாம். காயவைத்து அடுப்பில் போட்டால் எரிந்ததாம். போதாதா? நிலக்கரி எடுக்கப் பிரெஞ்சுக்காரக் கம்பெனி ஒன்று வந்து இறங்கியது. பெரிய குழி வெட்டி, அங்கிருந்து ஆற்றங்கரை வரைக்கும் கரை போட்டு, அதன்மேல் தண்டவாளம் பதித்தார்கள். மாடு கட்டி இழுக்க இரும்புத் தொட்டி வண்டிகளும் வந்தன. குழியில் ஊற்று பிடித்துக்கொண்டது. இறைத்துப் பார்த்துச் சலித்துப்போய்க் கம்பெனி மூட்டையைக் கட்டியது. இதெல்லாம் நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்னால் நடந்த கூத்து. தண்டவாளத்தை ஆளுக்கொரு துண்டாகத் தூக்கிப் போனார்கள். என் மாமனார் கொண்டுவந்த துண்டுதான் எங்கள் கிணற்றுக்குக் குறுக்குச் சட்டம்.

கரையை மட்டும் யாரும் தூக்கிப் போகவில்லை. அது என் தலையில் விழுந்தது. நிலத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு, எலியையும் கோரையையும் எனக்கு விட்டது. வீட்டுக்காரர் போனபின் உழவாள் பக்கிரியை வைத்துக்கொண்டு நானே பயிரிட்டேன். நாற்று நடும்போது ஒரு தடவை, அறுக்கும்போது ஒரு தடவை அந்தக் கரையைக் கட்டினவர்களை வாயாரத் திட்டுவேன். வேலைக்கு வரும் பெண்கள் அதைக் கேட்கவே கிட்டத்தில் வந்து நிற்பார்கள்.

போன கோடையில் ஒரு கண்ட்ராக்டர் வந்து கரையை அகலப்படுத்தி ரோடு போட்டார். ஓரத்துத் தாழம்புதரை எரித்து, இரண்டு பக்கமும் செம்மண் கொட்டி நிரவினார்கள். கடைசியில் இந்தச் சனியனும் ஒன்றுக்கு உதவியதே என்று ஆட்களுக்கு மோர்கூடக் கொடுத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஊரை அடித்துப்போகிற மழையெல்லாம் இல்லை. ஆனால் நெல் பொதி கட்டியிருந்த நேரம், வயலில் ஏறிய தண்ணீர் இறங்கவில்லை. மழை விட்டு வெயில் வந்தும் அப்படியே நின்றது. இன்னும் இரண்டு நாள் நின்றால் கதிர் வெளியே வராமலே அழுகிவிடும். என் வீட்டுக்கும் பக்கிரி வீட்டுக்கும் வருஷம் முழுக்கச் சோறு அந்த நெல்தான்.

பக்கிரி மண்வெட்டியோடு வந்து நின்றான்.

"ரோட்ட வெட்டி வுட்டுடறேம்மா."

"வெட்டுவடா. புடிச்சி ஜெயில்ல போடுவான்."

"போட்டா போடட்டும். பயிரு போச்சுன்னா வூட்ல புள்ளைங்க இன்னா துன்னும்?"

முழங்கால் தண்ணீரில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழையில் வீட்டுச் சுவரே இடிந்து விழுந்த வருஷம்கூட இந்த வயலில் தண்ணீர் ஒரு நாளைக்குமேல் நின்றதில்லை. நிலம் கிழக்கே சரிவு. கிழக்கே கரை. கரைமேல் தண்ணீர் ஏறுமா? அப்படியானால் இத்தனை வருஷம் அது எந்த வழியாகப் போனது?

"டேய், தண்ணி எப்படிப் போவும் எப்பவும்?"

"அது பாட்டுக்குப் போவும்மா."

ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். நேற்றுவரை நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் ஈரம் ஓடாத இடத்தில் தாழை வளராது. பாம்பு இருக்கும் என்று ஒருவரும் கிட்டப் போகாத அந்தப் புதர், வெயில் காலத்திலும் பச்சையாக நின்றது என் கண்ணுக்குள் வந்தது.

"ரோட்டுமேல கை வைக்காத. புதரு இருந்த எடத்துல ஓரத்து மண்ண மட்டும் எடு."

பக்கிரி வெட்டினான். நானும் சேலையைச் செருகிக்கொண்டு கூடையில் சேறு வாரினேன். மண்வெட்டி கல்லில் பட்டது. சேற்றை வழித்துப் பார்த்தால் செங்கல்லில் கட்டிய மதகு வளைவு ஒன்று, ஆள் குனிந்து நுழையலாம் போல. ரோட்டுக்கு அந்தப் பக்கமும் ஓடி அதற்கு நேராக வெட்டினோம். சேறு பொத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. பின்னாலேயே தண்ணீர். நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. ஊரே கூடிவிட்டது.

தண்ணீர் வடிந்தபின் குனிந்து உள்ளே பார்த்தேன். ஒரு செங்கல் நகரவில்லை. பூச்சு வழவழவென்று இருந்தது. வண்டி போகிற கரைக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஏனோதானோ என்று விட்டிருக்கலாம். விடவில்லை. நான் திட்டின ஒவ்வொரு வருஷமும் அவர்கள் கட்டினது என் பயிரைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு கையையும் கூப்பினேன். பெயர் தெரிந்தால் பெயர் சொல்லிக் கும்பிட்டிருப்பேன்.

தையில் அறுப்பு. தவளக்குப்பத்திலிருந்து வழக்கம்போலப் பவுனம்மாள் வந்தாள். எல்லாருக்கும் மூத்தவள், வருஷா வருஷம் வந்து கதிர் அறுப்பவள். மதகைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"இங்கதாம்மா நானு சுண்ணாம்பு அரைச்சேன். புதுசா கண்ணாலம் கட்டிக்கினு வந்தப்போ. எங்க வூட்டு ஆளுதான் செங்கல்லு வெச்சுது."

"நீயா? இத்தினி வருசமா சொல்லவே இல்லியே!"

"நீங்கதான் இந்தக் கரையக் கட்டுனவங்கள அந்தத் திட்டு திட்டுவீங்களே, எப்படிச் சொல்றது?" என்று சிரித்தாள். "சாந்துல ஊத்தறதுக்கு வெல்லம் குடுத்தாங்க. பாதிய நாங்களே துன்னுட்டோம். மிச்சமே நல்லாத்தான் புடிச்சிருக்கு."

பிறகு சிரிப்பு நின்றது. "கரி போவும்னாங்க. போவல. வெட்டி வேல செஞ்சுட்டோம், வெட்டி வேல செஞ்சுட்டோம்னு சாவற வரைக்கும் சொல்லிக்கினு இருந்துச்சு எங்க வூட்டு ஆளு."

அய்யனார் கோயிலுக்கென்று முதலில் அறுத்து வைத்த கதிர்க்கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"சாமிக்கு வெச்சதும்மா இது."

"சாமிக்கு அடுத்த கட்டு. இது உங்க ரெண்டு பேருக்கும்."

கட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு மெல்லச் சரிவில் இறங்கினாள். அறுப்புக்காக வடியவிட்ட கடைசித் தண்ணீர் மதகுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து, இருட்டான அந்த வாய்க்குள் கத்தினாள்.

"யோவ்! தண்ணி போவுதுய்யா!"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்த பக்கிரியின் குரல் மதகு வழியே திரும்பி வந்தது.

"போவுது ஆயா! நல்லா போவுது!"