மூன்றாவது வரிசைக்கு மேலே ஒரு தப்புச் சுரம்

கிட்டார்க்காரர் ஒருமுறை வாசித்ததைத் தம் வாழ்நாளில் மறுமுறை வாசித்ததில்லை; ஆகவே அவர் வாசித்த எதுவும் ஓய்ந்ததும் இல்லை. முதல் பாதியை அவரே எல்லாப் பேட்டிகளிலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவந்தார். இரண்டாம் பாதி, ஊரில் காது உள்ள அனைவருக்கும் தெரியும். ரயில் நிலையக் காத்திருப்பு அறையில், தாமதமான ஒரு ரயிலுக்காக அவர் இருபத்திரண்டு வயதில் வாசித்த துணுக்கு, மூன்றாம் பெஞ்சுக்கு மேலே தலை உயரத்தில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ரயில்கூட அன்றைக்கே வந்து போய்விட்டது. பல் மருத்துவமனைத் திறப்பு விழாவில் வாசித்தது சிகிச்சை நாற்காலிக்கு நேர் மேலே தங்கிவிட்டது. பல் ராவும் சத்தத்தை அது அமுக்கிவிடுவதால் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் சொத்தைப் பல்லோடு வந்தார்கள். வாடகை விளம்பரங்களில் ‘இரண்டு படுக்கையறை, நல்ல காற்றோட்டம், தண்ணீர் வசதி, ஜாஸ் கிடையாது’ என்று போடுவது வழக்கமாகிவிட்டது.

நாற்பது வருஷத்தில் ஏழு இசைத்தட்டுகள், மூன்று கண்டங்களில் கச்சேரிகள், ஒரு கௌரவ டாக்டர் பட்டம், ஒன்பது வீடுகள். வீடு சத்தத்தால் நிரம்பியதும் காலி செய்வார்கள். ஒன்பதாவது வீட்டில், மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தும் அவர் மனைவி, இனிமேல் பெட்டி கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டுக்குள் இருவரும் எதிர்க் கரையில் நிற்பவர்களைப் போலக் கத்தித்தான் பேசிக்கொண்டார்கள். பின் அறையில் மனைவியின் தம்பி குடியிருந்தார். இசைக்குழுவில் பேஸ் கிட்டார் அவர்தான். தினமும் மாலை ஐந்தரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே சுர வரிசையை ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். அவருடைய சுரங்கள் மட்டும் வந்த வேலையை முடித்துக்கொண்டு மரியாதையாகப் போய்விடும். கிட்டார்க்காரர் அவருக்கு ‘மாவு மிஷின்’ என்று பெயர் வைத்திருந்தார்.

“என்ன மாப்ள, இன்னைக்காவது ஏறின படியில இறங்காம வேற வழியா வருவியா?”

“இருக்கறது இந்த ஒரு படிதான மச்சான்” என்பார் மாவு மிஷின், வாசிப்பை நிறுத்தாமலே.

நாற்பதாம் ஆண்டுக் கச்சேரிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அரங்க மேலாளர் வீட்டுக்கு வந்தார். அந்த அரங்கத்தில் கிட்டார்க்காரர் அதுவரை முப்பத்தொரு கச்சேரி செய்திருந்தார். முப்பத்தொன்றும் உள்ளேயே இருந்தன. போன மாதம் அங்கே நடந்த பாராட்டு விழாவில் விழாத் தலைவர் ஒன்றே கால் மணி நேரம் பேசியதில் ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை. அதைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை, சிலர் பூங்கொத்துகூட அனுப்பினார்கள். ஆனால் இப்போது நிலைமை முற்றிவிட்டது. மேலாளர் மேடையில் நின்று மணி அடித்துப் பார்த்திருக்கிறார். ஓசை எழும்ப இடமில்லாமல் அவருடைய செருப்பருகிலேயே பொத்தென்று விழுந்ததாம். இதைச் சொல்லிவிட்டு, ஆறுதலாக இருக்கட்டுமே என்று ஒரு யோசனையும் சொன்னார்.

“சார், நீங்க அலையவே வேண்டாம். ஜனங்க வந்து உக்காரட்டும். பழசுதான் தானா ஓடிட்டிருக்கே, அதையே கேட்டுட்டுப் போகட்டும். உங்க ஃபோட்டோ ஒண்ணு மேடையில வச்சுடலாம். மாலை போடமாட்டோம்.”

கிட்டார்க்காரர் அன்று சாப்பிடவில்லை. விமர்சகர்கள் எழுதிய எதுவும் அவரை இப்படிச் சுருட்டியதில்லை. தாம் உயிரோடு இருக்கும்போதே தம் கச்சேரிக்குத் தாம் தேவைப்படாமல் போவது என்பது அவர் யோசித்தே பார்த்திராத புதுச் சங்கதி.

மனைவிதான் எதிரே வந்து உட்கார்ந்து, வழக்கம்போலக் கத்தினார். “பதினோரு வருஷமா ஒண்ணு சொல்றேன், காதுலயே போட்டுக்கமாட்டேங்கறீங்க. உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ, பாதித் தூக்கத்துல ஒரே பிட்டை ரெண்டு தடவை வாசிச்சீங்க. ரெண்டாவது தடவை முடிஞ்சதும் ஃபிரிட்ஜ் பக்கத்து மூலை கப்புனு அடங்கிடுச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த ஓரத்துல நின்னுதான் ஃபோன் பேசறேன்.”

“நானாவது, ரெண்டு தடவை வாசிக்கறதாவது! காய்ச்சல் எனக்கா, உனக்கா?”

“அப்பவும் இதையேதான் கேட்டீங்க. இதை மட்டும் வார்த்தை மாறாம ரெண்டாவது தடவை சொல்ல வருதே.” பிறகு குரலைத் தணித்துச் சொன்னதால் அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. “என் கடைக்கு வர்ற எல்லாருக்கும் அதே எழுத்து அட்டையைத்தான் காட்டறேன். அதனால எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போகலைங்க.”

கிட்டார்க்காரர் கிட்டாரை எடுத்துக்கொண்டு மறுநாள் அரங்கத்துக்குப் போனார். முப்பத்தொன்றில் ஒன்றைத் தேர்ந்து, அதன் கீழே நின்று, அதையே வாசிக்க முயன்றார். வரவில்லை. விரல்கள் பழக்கதோஷத்தில் நான்காவது சுரத்திலேயே வேறு பக்கம் திரும்பின. மூன்று கண்டங்கள் கைதட்டிய அந்தத் திருப்பத்தால், அன்று மதியத்துக்குள் அரங்கத்தில் இன்னும் பதினாறு துணுக்குகள் கூடியதுதான் மிச்சம். மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். மாலை ஐந்தரைக்குக் கிட்டார்க்காரர் பின் அறைக் கதவைத் தட்டினார். நாற்பது வருஷத்தில் மச்சினன் அறைக் கதவை அவர் தட்டியது அதுதான் முதல் தடவை. எப்போதும் தள்ளிக்கொண்டுதான் நுழைவார்.

 மாவு மிஷின் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டார். “ஏறுங்க மச்சான். அங்கயே நில்லுங்க. திரும்பாதீங்க. திரும்பாதீங்கன்னு சொல்றேன்ல. இப்ப அதே வழியா இறங்குங்க.”

நான்கு நாள் இது நடந்தது. ஐந்தாம் நாள் அரங்கத்தில், மச்சினன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, கிட்டார்க்காரர் மேல்படியில் உட்கார்ந்து, பதினெட்டாம் கச்சேரியின் முதல் துணுக்கைச் சுரம் பிசகாமல் திருப்பி வாசித்தார். இரண்டாம் முறை பெயர் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போகும் நோயாளியைப் போல அது சட்டென்று கிளம்பிப் போனது. அதன் பின்னாலேயே அன்றைய கச்சேரி முழுவதும் வரிசையாக வெளியேறியது. முதல் துணுக்கைக் கூப்பிட்டாலே போதும் என்று தெரிந்த பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நடுவில் புதுத் துணுக்குகள் பதினாறையும் அனுப்பினார்கள். சனிக்கிழமை மதியம் ஒன்றே ஒன்று பாக்கி: மூன்றாவது வரிசைக்கு மேலே, அவருடைய முதல் கச்சேரி.

அதன் ஐந்தாவது சுரம் தப்பு. அதை ‘துணிச்சலான விலகல்’ என்று பத்திரிகைகள் எழுதின. அதைப் பற்றி மட்டுமே ஒருவர் ஆராய்ச்சி செய்து முனைவரானார். கிட்டார்க்காரர் நாற்பது வருஷமாக அடக்கத்தோடு தலையாட்டிவந்தார். இப்போது நான்கு முறை வாசித்தார். நான்கு முறையும் விரல் அவரைக் கேட்காமலே சரியான சுரத்தில் போய் உட்கார்ந்தது. துணுக்கு நகரவில்லை.

“மச்சான்” என்றார் மாவு மிஷின், ஏணியடியிலிருந்து. “நானும் அன்னைக்கு மேடையில இருந்தேன். அது விரல் வழுக்கினது.”

கிட்டார்க்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “தெரியும் மாப்ள” என்றார். நாற்பது வருஷத்தில் முதல்முறையாக அதைச் சொன்னதில் அவருடைய தோள்கள் இரண்டு அங்குலம் இறங்கியதாக மேலாளர் குறித்துவைத்திருக்கிறார். பிறகு, வழுக்கியது எப்படியோ அப்படியே, அந்தத் தப்பைத் தப்பாமல் வாசித்தார். அரங்கம் அடங்கியது. மேலாளர் இருமினார். தம் இருமல் தமக்கே கேட்டதில் நெகிழ்ந்துபோய் இன்னொரு முறையும் இருமினார்.

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரி நன்றாக நடந்தது. அவர் எல்லாவற்றையும் புதிதாகத்தான் வாசித்தார். மேடையில் அவருக்கு வேறு வராது. திங்கட்கிழமை வீட்டுக்குள் தங்கியிருந்த துணுக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக அனுப்பினார். மனைவி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஃபிரிட்ஜ் முனகுவதையும் குழாய் சொட்டுவதையும் அரை மணி நேரம் கண்மூடிக் கேட்டார். கேட்டு முடித்ததும் குழாயைச் சரிசெய்ய ஆள் வரச் சொன்னார். கத்தாமல்தான் சொன்னார். கண்ணாடிக்குப் பக்கத்தில், அவர் தலைவாரும் இடத்தில் இருந்த ஒரு சின்னத் துணுக்கை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இன்றும் அது அங்கே இருக்கிறது. பல் மருத்துவரும் தம்முடையதை விட்டுவைக்கும்படி எழுத்துமூலம் கேட்டுக்கொண்டார். பழைய வீடுகளிலும் அவர் போய் வாசித்துவிட்டு வர, வாடகை விளம்பரங்களில் கடைசி இரண்டு சொற்கள் மெல்ல மெல்ல மறைந்தன.

அடுத்த வாரம் வெளியான பேட்டியில் கிட்டார்க்காரர், ஒருமுறை வாசித்ததைத் தாம் மறுமுறை வாசித்ததில்லை என்று வழக்கம்போலச் சொல்லியிருந்தார். அதைப் படித்த மாவு மிஷின் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின் அறைக்குப் போனார். மணி ஐந்தரை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உள்ளே யாரோ ஒரே சுர வரிசையில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் கதவைத் தட்டவில்லை. திரும்பி நடந்து, சமையலறையில் மூன்று பேருக்கும் டீ போடத் தண்ணீரை வைத்தார்.