அசல் தோல்

"வட்டமாத் தேய்! நேரா இழுக்காத, வட்டமா!"

ஜன்னலிலிருந்து வந்த குரலில் உயிர் பாதிதான் இருந்தது. அதிகாரம் முழுசாக இருந்தது. ஷெட்டில் காரின் கதவைத் திறந்துபோட்டு, சிமெண்ட் தரையில் முழங்கால் ஊன்றி, மகள் பிரஷ்ஷைச் சுழற்றினாள். அதற்கு முன்பும் வட்டமாகத்தான் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா வக்கீல். காலையில் வந்த டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "சொல்லவேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று ரகசியமாகச் சொன்னார். டாக்டரின் ரகசியம் தெருக்கோடி வரை கேட்கும். உள்ளேயிருந்து வக்கீல், "அப்ப வாய்தா கிடையாதா டாக்டர்?" என்று கேட்டார். கட்டிலை ஜன்னலோரம் தள்ளச் சொன்னார். காரின் டிரைவர் சீட்டைச் சாயங்காலத்துக்குள் புதுசாக்கிவிட வேண்டும் என்று மகளுக்கு உத்தரவு போட்டார். சாயங்காலம் எதிர்த்தரப்பு வருவதாக இருந்தது.

எதிர்த்தரப்பு என்பது ஒரு ஆளின் பெயராகவே அந்த வீட்டில் நிலைத்துவிட்டது. அவரும் வக்கீல்தான். அப்பா எந்த வழக்கை எடுத்தாலும் அதற்கு எதிர் வழக்கை அவர் எடுப்பார். கோர்ட்டில் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டு, வெளியே வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். எல்லா வழக்குக்கும் தீர்ப்பு வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. அது இந்த சீட்டு.

கார் ஒரு நீதிபதியிடமிருந்து வாங்கியது. "நீதிபதி உட்கார்ந்த அசல் தோல் சீட்டு" என்று அப்பா சொல்லாத இடமில்லை. நீதிபதி அதில் உட்கார்ந்ததற்கு ஆதாரம் ஒன்றுமில்லை. அவர் வீட்டு நாய் உட்கார்ந்ததற்கான ஆதாரம் மட்டும் கைப்பிடியில் பல் தடமாக இருந்தது.

"யோவ், அது தோலே இல்ல, ரெக்ஸின்யா" என்பார் எதிர்த்தரப்பு.

"ரெக்ஸின்னு சொல்றவன்தான் நிரூபிக்கணும்" என்பார் அப்பா. நிரூபிக்க விடவும் மாட்டார். நகத்தால் கீறிப் பார்க்கக்கூட அனுமதி கிடையாது. சொத்துக்குச் சேதம் என்பார். இப்போது என்ன தோன்றியதோ, நேற்று அவரே போன் பண்ணி, "நாளைக்கு வந்து நேர்ல பாத்துக்கய்யா, ஸ்தலப் பரிசோதனை" என்று அழைத்திருந்தார்.

மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்தவள், தோலுக்கான சோப்பு, வெடிப்பை அடைக்கும் பசை, நிறம், ஸ்பாஞ்சு எல்லாம் வாங்கி வைத்திருந்தாள். அப்பா ஏறி இறங்கித் தேய்ந்த ஓரத்தில் வெடிப்புகள் இருந்தன. தோல் வெடித்தால் பஞ்சு மாதிரி நார் எட்டிப்பார்க்கும் என்று அதையெல்லாம் விற்ற கடைக்காரர் சொல்லியிருந்தார். ஒரு வெடிப்பின் அழுக்கைக் குச்சியால் நோண்டினாள். நார் எதுவும் இல்லை. குறுக்கும் நெடுக்குமாக நெய்த துணி தெரிந்தது, காயத்துக்குக் கட்டும் துணி மாதிரி.

அவள் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசல் தோல் தண்ணீரைக் குடித்துவிடும் என்றும் கடைக்காரர் சொல்லியிருந்தார். ஈர விரலை உதறி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உருண்டு தையலுக்குள் ஓடிவிட்டது. நடுவில் விட்டாள். முதுகுப் பக்கம் விட்டாள். மழைக்கோட்டில் விழுந்த மாதிரி எல்லாம் வழிந்து இறங்கின.

"என்ன, தண்ணி விட்டுப் பாத்தியா?" ஜன்னல் கேட்டது.

"பாத்தேம்பா."

"குடிச்சுதா?"

அவள் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அம்மா, ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் ஸ்பூனுமாகக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அந்த வாய் பேசுவதற்குத்தான் திறந்ததே தவிர, ஒரு வாய்த் தண்ணீருக்குத் திறக்கவில்லை.

"குடிச்சிடுச்சுப்பா" என்றாள் மகள். "விட்ட உடனே உறிஞ்சிடுச்சு. அந்த இடமே கறுத்துப்போச்சு."

"கேட்டீங்களா?" என்றாள் அம்மா. "சீட்டுகூடக் குடிக்குது. உங்களுக்கு என்ன கேடு?"

வக்கீல் மகளைப் பார்த்தார். பொய்ச் சாட்சிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த மனிதர். கூண்டில் நிற்பவன் எச்சில் விழுங்கினாலே எதற்கு என்று கண்டுபிடித்துவிடுவார். மகள் விழுங்கினாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்திருந்த அவளுடைய விரல்களைப் பார்த்தார், சோப்பு நுரை காய்ந்திருந்த முழங்கையைப் பார்த்தார்.

"சரி" என்றார். "குறுக்கு விசாரணை இல்ல. சாட்சி இறங்கலாம்."

பிறகு அம்மா பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். ஒரு ஸ்பூன் இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. அதற்கடுத்தது கடைவாயில் வழிந்தபோது அம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, "போதும், ஒரேயடியா நல்ல பேரு வாங்க வேண்டாம்" என்றாள்.

மகள் வெடிப்புகளைப் பசையால் அடைத்து, உப்புத்தாளால் சமன் செய்து, நிறத்தை ஸ்பாஞ்சில் எடுத்து ஒத்தினாள். தோலாக இருந்தால் நிறத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது வாங்கிக்கொள்ளவில்லை, மேலேயே பிசுபிசுவென்று நின்றது. டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தும் காயவில்லை. அதற்காக அவள் விட்டுவிடவில்லை. சொன்ன பொய்க்கு முதல் கோட் அடித்தாள், அதன்மேல் இரண்டாவது கோட் அடித்தாள். தூரத்திலிருந்து பார்க்க சீட்டு ஜம்மென்று இருந்தது.

"ஓரத்துல... ஒத்தி எடு... பூசாத" என்று ஜன்னல் சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் "ஒத்தி" மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து அவள் சத்தமில்லாமல் ஒத்தினாள்.

"கொஞ்சம் உள்ள வா" என்றாள் அம்மா. போர்வை மடிக்கக் கூப்பிடுகிற குரல்தான். மகள் ஸ்பாஞ்சைக் கையில் பிடித்தபடியே போனாள்.

வக்கீலின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. யாரோ சொன்ன எதற்கோ ஆட்சேபணை தெரிவிக்கப் போகிறவர் மாதிரி உதடு பிரிந்திருந்தது.

"என்னமோ சொல்ல வந்தார்" என்றாள் அம்மா. ஸ்பூன் இன்னும் அவள் கையில் இருந்தது. "வக்கீலாச்சே, முடிச்சுட்டுத்தான் போவார்னு நானும் காத்துக்கிட்டே இருந்தேன்."

சொன்ன நேரத்துக்கு எதிர்த்தரப்பு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு பூதக்கண்ணாடி. வாசலில் செருப்புகளையும் அக்கம்பக்கத்தாரையும் கண்டதும் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஒருமுறை கால் மாற்றி நின்றுகொண்டார்கள். மனிதர் கல்யாண வீட்டில் வாழ்த்தச் சொன்னால்கூடச் சாப்பாடு ஆறும் வரை பேசுகிறவர். கட்டில் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"போய்ட்டியாய்யா" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்துவிட்டார்.

மகள் பின்னாலேயே வந்தாள். அவர் ஷெட்டுக்குள் போய், திறந்திருந்த கார்க் கதவருகே குனிந்தார். 'மாமா, தொடாதீங்க, காயல' என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் அவர் கட்டைவிரலைச் சீட்டின் ஓரத்தில் வைத்து அழுத்திவிட்டார்.

விரலை எடுத்துப் பார்த்தார். முழுக்கப் பழுப்பு. ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார், பிசுபிசுத்தது. இன்னும் கொஞ்சம் குனிந்து, பசை சரியாக அடைக்காத ஒரு வெடிப்புக்குள் தெரிந்த துணியைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

வராந்தாவுக்கு அம்மா வந்திருந்தாள். அவள் பின்னால் எதிர்வீட்டுக்காரர்கள், கோர்ட்டிலிருந்து வந்த சிலர்.

"அண்ணே" என்றாள் அம்மா. "இதுக்காகத்தான் உங்களை வரச் சொன்னார். பாத்தாச்சுல்ல? நீங்களே சொல்லுங்க, அது தோலா, இல்லையா?"

எதிர்த்தரப்பு கையை மூடிக்கொண்டார்.

"தோல்தாம்மா" என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கிற கோர்ட் குரலில். "அசல் தோல். நான்தான் இத்தனை வருஷமாத் தப்பா வாதாடிட்டேன்."

"இதை அவர் இருக்கறப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" என்றாள் அம்மா. "ரெண்டு நாள் கூட இருந்திருப்பார் மனுஷன்."

"தப்புதாம்மா" என்றார் அவர்.

அம்மா உள்ளே போனாள். மற்றவர்களும் போனார்கள். எதிர்த்தரப்பு காரின் கதவை மெதுவாகச் சாத்தினார். பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கட்டைவிரலை அழுத்தித் துடைத்தார். பழுப்பு உள்ளே போகும்படி ஒருமுறை மடித்தார். இன்னொரு முறையும் மடித்தார். வெள்ளையாக இருந்த பக்கத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.