கோட்டுக்கு மேலே எண்ணெய்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. புல் வெட்டும் மெஷினைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் பதிப்பாளர் சிரித்தார். இஞ்சினை எல்லாம் யார் படிப்பார்கள், குடும்பத்தைப் பற்றி எழுதுங்களேன் என்றார். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன் ஐயா, முடிந்தால் பாதியில் கீழே வையுங்கள்.

முதல் வரி: 'பனியில் நனைந்த புல்வெளியில் அவள் மெஷினைத் தள்ளிக்கொண்டு...' வேண்டாம். ஈரப்புல்லில் எவளும் மெஷின் ஓட்டமாட்டாள்.

2

அண்ணியும் நாத்தனாரும் வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டுகிறார்கள். இருவருக்கும் ஒரே மெஷின். வாடிக்கையாளர் ஒருவர் ஆசையாக நட்டிருந்த நாற்றுகளை நாத்தனார் புல்லோடு புல்லாக வெட்டித் தள்ளிவிட்டாள். அண்ணி முன்னாடியே சொல்லவில்லை என்பது இவள் கட்சி. கண் எங்கே போச்சு என்பது அவள் கட்சி. அன்றோடு பேச்சு நின்றது. ஆளுக்கொரு நாள் மெஷினை எடுத்துக்கொண்டு தனித்தனியாகக் கிளம்பினார்கள்.

(பேசாமலே வேலை நடக்கிறதே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.)

3

ஒரு நாள் அண்ணி கயிற்றை இழுத்ததும் மெஷின் வெள்ளைப் புகையாகக் கக்கிவிட்டு நின்றது. அவள் கணவர், அதாவது நாத்தனாரின் அண்ணன், குந்தி உட்கார்ந்து ஒரு பார்வை பார்த்தார். இஞ்சின் போயே போச்சு, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், இனிமேல் ரெண்டு பேரும் வீட்டோடு இருங்கள் என்றார். வெகுநாளாக அவர் சொல்லக் காத்திருந்தது அது. மெஷின் ஒரு சாக்கு.

இங்கே அண்ணியை அழவைக்க நினைத்தேன். 'அவள் கண்கள் குளமா...' அதற்குள் எழுந்துபோய் ஸ்பேனரை எடுத்து வந்துவிட்டாள். சரிம்மா, உன் இஷ்டம்.

ஸ்பார்க் பிளக் எண்ணெயில் குளித்திருந்தது. ஏர் ஃபில்டரைப் பிழிந்தால் சொட்டும். அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தாள். எண்ணெய் கம்பியின் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது.

எண்ணெய் குடிக்கிற பழைய இஞ்சின் அது. அண்ணி ஊற்றுவாள், நாத்தனார் கம்பியைப் பார்த்துப் போதும் என்பாள். அதுதான் வழக்கம். சண்டைக்குப் பிறகு, அவள் எங்கே ஊற்றியிருக்கப் போகிறாள் என்று இருவருமே தனித்தனியாக, குத்துமதிப்பாக ஊற்றியிருக்கிறார்கள். இஞ்சினுக்கு அஜீரணம், அவ்வளவுதான்.

4

நாத்தனார் வந்து நின்றாள். அண்ணி தலையை நிமிர்த்தவில்லை.

"நீயும் ஊத்தினியா?"

"ஆமா. நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் எதை மறந்தேன்?"

"நாத்து நட்டிருக்குன்னு சொல்ல மறந்தீங்கல்ல."

கட்டிப்பிடித்து அழுகிற முடிவு ஒன்று கைவசம் இருந்தது. இரண்டு பேருமே மறுத்துவிட்டார்கள். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள், அதிகப்படி எண்ணெயை வடித்தார்கள். பிளக்கைத் துடைத்து, புது ஃபில்டர் மாட்டினார்கள்.

இரும்புக்காரனுக்குச் சொல்லியாயிற்று, இது ஓடாது, வீணாக மெனக்கெடாதீர்கள் என்றார் கணவர்.

"ஓடலைன்னா அரிவாளை எடுத்துக்கிட்டுப் போறேன்," என்றாள் அண்ணி.

"எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க, அண்ணி."

5

கணவர் ஜெயிக்கிற முடிவும் ஒன்று உண்டு. அதை எழுதமாட்டேன். பேனா என்னுடையது.

அண்ணி கயிற்றைப் பிடித்திருக்கிறாள். இஞ்சின் கிளம்பியதா இல்லையா என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. நாளைக்கு அவர்கள் இருவரும் சேர்ந்து வேலைக்குப் போவார்கள். அதில் மட்டும் உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.